நடைக்கும் ஓட்டத்துக்கும் போன் ஜிபிஎஸ்: தூரம் சரியாகக் காட்ட என்ன செய்யலாம்

நடைப்பயிற்சி முடித்து ஆப்பைத் திறந்தால், நீங்கள் நடந்தது தெருவில், கோடு போயிருப்பது எதிர்வீட்டு மாடி மீது. நேற்று 5 கிமீ காட்டிய அதே பாதை இன்று 5.4 காட்டும், நாளை 4.7 காட்டும். புதிதாக ஓடவோ நடக்கவோ ஆரம்பித்தவர்களுக்கு இது பெரிய எரிச்சல். முன்னேறுகிறோமா இல்லையா என்றே தெரியாது. "போன் சரியில்லை, ஒரு வாட்ச் வாங்கிவிடலாம்" என்று பலர் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

கடைக்குப் போவதற்கு முன் சில காரியங்களைச் செய்து பாருங்கள். கையில் இருக்கும் போனே பெரும்பாலும் போதும். திறந்த வானத்தின் கீழ் ஒரு ஸ்மார்ட்போன் ஏறத்தாழ 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும் என்பது அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளமே தரும் கணக்கு. நம் போன் அந்த அளவுக்கு வராமல் போவதற்கு வழக்கமாக மூன்று காரணங்கள். போனுக்கு வானம் சரியாகத் தெரியவில்லை. கிளம்பும் முன் செயற்கைக்கோள்களைப் பிடிக்க அதற்கு நேரம் கொடுக்கவில்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பாதி வழியில் போனே ஆப்பைத் தூங்க வைத்துவிட்டது. மூன்றையும் நாமே சரிசெய்யலாம், காசும் செலவில்லை.

முதலில் பழைய பதிவைத் திறந்து பாருங்கள்

செட்டிங்ஸில் கை வைப்பதற்கு முன், உங்கள் போனுக்கு எந்தக் கோளாறு என்று தெரிந்துகொள்ளுங்கள். கடைசியாகப் பதிந்த நாலைந்து நடைகளைத் திறந்து, வரைபடத்தை நன்றாகப் பெரிதாக்கி, கோட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை விரலால் தொடர்ந்து போங்கள். சாட்டிலைட் படத்தின் மேல் வைத்துப் பார்க்க முடிந்தால் இன்னும் தெளிவாக இருக்கும்.

தொடக்கத்தில் மட்டும் கோடு சிக்கலாக இருக்கிறதா? இரண்டு தெரு தள்ளி ஆரம்பித்து, திடீரென்று தாவி உங்கள் தெருவுக்கு வருகிறதா? அப்படியானால் சிக்னல் பிடிக்கும் முன்பே ஸ்டார்ட் அழுத்தியிருக்கிறீர்கள். அந்தத் தாவலும் தூரத்தில் சேர்ந்துவிடும்.

நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு நேர்கோடு, நீங்கள் வளைந்து வளைந்து போன தெருக்களை விட்டுவிட்டு வீடுகளுக்குக் குறுக்கே போகிறதா? அந்த நேரத்தில் ஆப் தூங்கிப் போயிருக்கிறது. கண் விழித்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்களோ அங்கே ஒரு புள்ளி வைத்து, பழைய புள்ளியோடு சேர்த்துவிட்டது. இதில் தூரம் குறையும். ஆண்ட்ராய்டு போன்களில் நான் அதிகம் பார்ப்பது இந்தக் கோளாறைத்தான். ஜிபிஎஸ் மேல் தப்பே இல்லாமல் ஜிபிஎஸ்ஸுக்குக் கெட்ட பேர் வருவதும் இதனால்தான்.

கோடு முழுக்க ரம்பப் பல் மாதிரி இருக்கிறதா? சிக்னல் பலவீனமாக இருந்திருக்கிறது, அல்லது கட்டடங்களில் பட்டுத் திரும்பி வந்திருக்கிறது. ஒவ்வொரு பல்லும் சில மீட்டரைக் கூட்டும். நடந்தது 5 கிமீ என்றால் 5.3 என்று வரும்.

கடைசியாக ஒரு வகை உண்டு. கோடு வழவழவென்று உங்கள் தெருவைப் போலவே இருக்கும், ஆனால் ஏழெட்டு மீட்டர் தள்ளி ஓடும். சில சமயம் வரைபடப் படமே அந்த அளவுக்கு நகர்ந்திருக்கும். தூரம் ஏறக்குறைய சரியாகவே வரும் என்பதால் இதற்காக மெனக்கெட வேண்டாம்.

கொஞ்சம் உள்ளே

எல்லாம் சொல்லப் போவதில்லை, கீழே வரும் படிகளுக்குக் காரணம் புரியும் அளவுக்கு மட்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிமீ உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தான் எங்கே இருக்கிறது, நேரம் என்ன என்பதை ரேடியோ அலையில் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த அலை போனுக்கு வந்து சேர எவ்வளவு நேரமானது என்பதை வைத்துத்தான் தூரக் கணக்கு. ரேடியோ அலை நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிமீ ஓடுகிறது. நேரக் கணக்கில் ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு பிசகினாலே 30 மீட்டர் தள்ளிப் போகும். இடத்தைக் கணக்கிடக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். அவை வானத்தில் நான்கு திசையிலும் பரவி இருந்தால் கணக்கு உறுதியாக இருக்கும், ஒரே பக்கமாகக் குவிந்திருந்தால் ஆட்டம் காணும்.

இப்போதைய போன்கள் அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் கேட்கின்றன. பல போன்கள் நம் இஸ்ரோவின் நேவிக்கையும் கேட்கும். அதனால் மைதானத்தில் நின்றால் செயற்கைக்கோள்களுக்குப் பஞ்சமில்லை. தரைக்கு வரும்போது சிக்னல் மிக மிகப் பலவீனமாகிவிடுவதுதான் சிக்கல். கான்கிரீட் தளம் தடுக்கும், உலோகம் தடுக்கும், பெரும்பகுதி தண்ணீரான நம் உடம்பும் தடுக்கும். மேகமும் மழையும் இதை ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. மழை நாளில் கோடு கோணலாகப் போனால் மழை மேல் பழி போடாதீர்கள், நனையக் கூடாது என்று போனை எங்கே திணித்து வைத்தீர்கள் என்று யோசியுங்கள்.

ஒரே ஒரு முறை செய்ய வேண்டியது

முதல் வேலை அனுமதி. ஆண்ட்ராய்டு 12-லிருந்தும் ஐஓஎஸ் 14-லிருந்தும் ஓர் ஆப்புக்குத் துல்லியமான இடத்தைக் கொடுக்காமல், தோராயமான இடத்தை மட்டும் கொடுக்க முடியும். அந்தத் தோராயம் சில சதுர கிலோமீட்டர் அளவு. ஆப்பை முதல்முறை திறந்தபோது வந்த கேள்விக்கு அவசரத்தில் எதையோ அழுத்தியிருந்தால் இங்கேதான் மாட்டியிருப்பீர்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ், உங்கள் ஆப், பெர்மிஷன்ஸ், லொகேஷன் என்று போய் 'யூஸ் பிரிசைஸ் லொகேஷன்' ஆனில் இருக்கிறதா பாருங்கள். ஐபோனில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, லொகேஷன் சர்வீசஸ், ஆப்பின் பெயர், அங்கே 'பிரிசைஸ் லொகேஷன்'. அனுமதி குறைந்தபட்சம் 'ஆப்பைப் பயன்படுத்தும்போது' என்று இருக்க வேண்டும். 'ஒவ்வொரு முறையும் கேள்' என்பதை வைக்காதீர்கள்.

ஆண்ட்ராய்டில் லொகேஷன் பகுதிக்குள் 'கூகுள் லொகேஷன் அக்யூரசி' என்று ஒன்று இருக்கும். அதை ஆனிலேயே விடுங்கள். சுற்றியுள்ள வைஃபையையும் செல் டவரையும் வைத்து முதல் இடத்தைச் சட்டென்று சொல்ல அது உதவும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம், பேட்டரி. இங்கே அவசரப்படாமல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8-லிருந்து, திரைக்குப் பின்னால் ஓடும் ஓர் ஆப்புக்கு ஒரு மணி நேரத்தில் சில முறை மட்டுமே இடம் தெரிவிக்கப்படும். ஓட்டத்தைப் பதியும் ஆப்புகள் இதிலிருந்து தப்பிக்கத்தான் மேலே ஓர் அறிவிப்பை நிரந்தரமாகக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. "நான் வேலையில் இருக்கிறேன், என்னை நிறுத்தாதே" என்று ஆண்ட்ராய்டிடம் சொல்லும் முறை அது. தொந்தரவாக இருக்கிறதே என்று அந்த அறிவிப்பை முடக்காதீர்கள். ஓடும்போது ரீசென்ட் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் தள்ளி மூடும் பழக்கமும் வேண்டாம். ஆப்பும் சேர்ந்து போய்விடும்.

இந்த ஏற்பாடு இருந்தும் பல கம்பெனிகள் தங்கள் பங்குக்கு இன்னொரு பூட்டைப் போட்டு வைத்திருக்கின்றன. அதனால் முதலில் எல்லாப் போனுக்கும் பொதுவானதைச் செய்யுங்கள்: ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடித்து, ஆப் இன்ஃபோவுக்குப் போய், பேட்டரி என்ற இடத்தில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' தேர்ந்தெடுங்கள். அப்புறம் உங்கள் போனுக்கு ஏற்றபடி:

ரெட்மி, போக்கோ, ஷாவ்மி போன்களில் அதே ஆப் இன்ஃபோவில் 'ஆட்டோஸ்டார்ட்' ஆன் செய்து, பேட்டரி சேவரில் 'நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' வையுங்கள். சாம்சங்கில் பேட்டரி பகுதிக்குள் 'ஸ்லீப்பிங் ஆப்ஸ்', 'டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' என்று பட்டியல்கள் இருக்கும். அவற்றில் உங்கள் ஆப் இருந்தால் எடுத்துவிட்டு, தூங்கவே கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஒப்போ, ரியல்மி போன்களில் பேக்ரவுண்ட் ஆக்டிவிட்டியையும் ஆட்டோ லான்ச்சையும் அனுமதியுங்கள். விவோவில் பேக்ரவுண்டில் அதிகப் பேட்டரி எடுக்க அனுமதி தரும் இடம் ஒன்று பேட்டரி செட்டிங்ஸில் இருக்கும். மாடலுக்கு மாடல் பெயர் கொஞ்சம் மாறும். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடலில் 'பேக்ரவுண்ட்' அல்லது 'பேட்டரி' என்று அடித்தால் பக்கத்தில் கொண்டுபோய் விடும். பல போன்களில் ரீசென்ட் ஆப்ஸில் ஆப்பின் மேல் ஒரு பூட்டுப் படம் போடவும் முடியும். அதையும் போட்டுவிடுங்கள்.

ஓடக் கிளம்பும்போது பேட்டரி சேவர் ஆஃபில் இருக்க வேண்டும். திரை அணைந்ததும் இடம் கண்டுபிடிப்பதையே அது நிறுத்திவிடும் போன்கள் உண்டு. ஐபோனில் இந்தத் தூக்கப் பிரச்சினை மிகக் குறைவு. லோ பவர் மோடை மட்டும் அணைத்துவிட்டால் போதும். பேட்டரிதான் கவலை என்றால் திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள், திரையை அணைத்துப் பையில் போடுங்கள். ஒரு மணி நேர நடைக்கு ஜிபிஎஸ் எடுக்கும் பேட்டரியைவிட, முழு வெளிச்சத்தில் எரியும் திரை எடுப்பது அதிகம்.

இதையெல்லாம் செய்த பிறகு ஒரு சோதனை. ஸ்டார்ட் அழுத்தி, திரையைப் பூட்டி, இருபது நிமிடம் போனைத் தொடாமல் நான்கைந்து திருப்பங்கள் உள்ள தெருக்களில் நடந்து வாருங்கள். கோட்டில் நேர்வெட்டு எதுவும் இல்லை என்றால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது.

கிளம்பும் முன் இரண்டு நிமிடம்

செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை மிக மெதுவாக, நொடிக்கு 50 பிட் வேகத்தில் அனுப்புகிறது. அந்த விவரம் முழுதாக வந்து சேர 30 நொடி வேண்டும். நடுவில் சிக்னல் விட்டுப்போனால் மறுபடியும் முதலிலிருந்து. மொத்தச் செயற்கைக்கோள்களின் பொது அட்டவணை வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். போனில் நாம் இவ்வளவு நேரம் காத்திருப்பதில்லையே என்றால், அதே விவரத்தை மொபைல் டேட்டா வழியாகப் போன் சில நொடிகளில் இறக்கிக்கொள்வதுதான் காரணம். ஆகவே கிளம்பும்போது டேட்டா ஆனில் இருக்கட்டும். சிக்னல் பிடித்த பிறகு டேட்டா இல்லாவிட்டாலும் பதிவு நடக்கும். ஏரோப்ளேன் மோடில் போட்டாலும் இப்போதைய போன்களில் ஜிபிஎஸ் வேலை செய்யும்.

அந்தப் பாதை விவரம் சில மணி நேரத்துக்குத்தான் செல்லும். நேற்று மாலைக்குப் பிறகு இன்று காலைதான் ஜிபிஎஸ்ஸைத் திறக்கிறீர்கள் என்றால் போன் எல்லாவற்றையும் புதிதாகத் தேட வேண்டும். வெளியூர் போய் இறங்கிய முதல் நாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுக்கலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வீட்டுக்குள்ளோ லிஃப்டுக்கு முன்னாலோ ஸ்டார்ட் அழுத்தாதீர்கள். வாசலுக்கு, முடிந்தால் மரமும் சன்ஷேடும் இல்லாத இடத்துக்கு வாருங்கள். ஆப்பைத் திறந்து, போனைக் கையில் பிடித்தபடி கால்களை நீட்டி மடக்கிக்கொள்ளுங்கள். ஆப்பில் ஜிபிஎஸ் கிடைத்துவிட்டது என்று வந்த பிறகும் முப்பது நொடி, ஒரு நிமிடம் பொறுங்கள். அந்தச் செய்தி வரும்போது நாலைந்து செயற்கைக்கோள்தான் கிடைத்திருக்கும், மீதி ஒவ்வொன்றாக வந்து சேரச் சேரத்தான் புள்ளி நிலைக்கு வரும். வரைபடத்தில் உங்களைச் சுற்றி உள்ள வெளிர்நீல வட்டம் சுருங்கி, ஆடாமல் நின்றதும் கிளம்பலாம்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசையிருந்தால் ஆண்ட்ராய்டில் 'ஜிபிஎஸ்டெஸ்ட்' என்ற இலவச ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் யார் போனைப் பார்த்தாலும் முதலில் திறப்பது அதைத்தான். ஒவ்வொரு செயற்கைக்கோளும் ஒரு வரி. எந்த நாட்டுடையது என்று சின்னக் கொடி, பக்கத்தில் சிக்னல் பலத்தின் எண். 20-க்குக் கீழே இருந்தால் பெயருக்குத்தான் இருக்கிறது, 30-க்கு மேல் நல்லது, 40 வந்தால் பிரமாதம். வரியின் கடைசிப் பக்கம் மூன்று ஆங்கில எழுத்துகள் வரும். 'யு' என்ற எழுத்து சேர்ந்தால் அந்தச் செயற்கைக்கோள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது என்று அர்த்தம். அறைக்குள் நின்று பாருங்கள், அப்படியே மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். 18, 22 என்று இருந்த எண்கள் 35, 40 என்று ஏறும். அதே இடத்தில் போனை வயிற்றோடு ஒட்டி உள்ளங்கையால் மூடினால் மடமடவென்று இறங்கும்.

போனை எங்கே வைப்பது

அந்தச் சோதனையைச் செய்தவர்களுக்கு இந்தப் பகுதியே தேவையில்லை. நல்ல இடம் கையின் மேல் பகுதி, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே. ஆர்ம்பேண்டில், திரை வெளிப்பக்கம் பார்த்தபடி, போனின் தலை மேலே இருக்க வேண்டும். பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் ஆன்டெனா மேல் பகுதியில்தான் இருக்கும். அடுத்தது கையிலேயே பிடித்துக்கொள்வது. நடப்பவர்களுக்கு இது சுலபம், ஓடுபவர்களுக்குச் சிரமம். பிடிக்கும்போது போனின் மேல் பகுதியை விரல்களால் சுற்றி வளைக்க வேண்டாம்.

இடுப்புப் பவுச் வசதியானது, ஆனால் பாதி வானத்தை உங்கள் உடம்பே மறைக்கும். பேன்ட் பாக்கெட் அதைவிட மோசம், தொடையோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் ஆடும். பாக்கெட் இல்லாத சுடிதாரிலோ புடவையிலோ நடப்பவர்கள் கைப்பையில் போடுவது வழக்கம். அப்போது பையின் வெளி அறையில், சாவிக்கொத்தும் சில்லறையும் இல்லாத பக்கத்தில், தலை மேலாக வையுங்கள். தோள் பை என்றால் மேல் அறை. பின்னட்டையில் கார் ஹோல்டருக்காக ஒட்டிய இரும்புத் தகடு, உலோகக் கவர் இவை இருந்தால் ஓட்டத்துக்கு மட்டுமாவது கழற்றி வையுங்கள்.

இன்று கையில், நாளை பாக்கெட்டில் என்று மாற்றிக்கொண்டே இருந்தால் தூரமும் மாறிக்கொண்டே இருக்கும். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள்.

எந்தப் பாதை, எந்த நேரம்

சென்னையில் ஜிபிஎஸ்ஸுக்கு மெரினாவைவிட நல்ல இடம் சொல்வது கஷ்டம். கிழக்கே முழுக்கக் கடல், மேற்கே கட்டடங்கள் எல்லாம் சாலை தாண்டித் தள்ளி. கோடு அப்படியே நடைபாதையின் மேல் வரும். வடபழனியிலிருந்து கோயம்பேடு பக்கம் போகும் 100 அடி சாலையில் நிலைமை வேறு. தலைக்கு மேலே மெட்ரோ பாலம், இரண்டு பக்கமும் மாடிக் கட்டடங்கள். நேராக வர வேண்டிய சிக்னல் கண்ணாடிச் சுவரிலும் கான்கிரீட்டிலும் பட்டுச் சுற்றி வருகிறது, அந்தக் கூடுதல் பாதையையும் போன் தூரமாகவே எண்ணிவிடுகிறது. ரம்பப் பற்கள் முளைப்பது இங்கேதான்.

நம் தெருவை மாற்ற முடியாது, ஆனால் தெருவில் எந்தப் பக்கம் என்பதை மாற்றலாம். ஒரு பக்கம் மட்டும் உயரமான கட்டடங்கள் இருந்தால் எதிர்ப்பக்கமாகப் போங்கள், வானம் அதிகம் தெரியும். பாலத்துக்கு அடியில் போகாமல் ஓரமாகப் போங்கள். மரநிழல் விஷயத்தில் நான் ஜிபிஎஸ்ஸுக்காகப் பரிந்து பேச மாட்டேன். அடர்ந்த மரங்கள் சிக்னலைக் குறைக்கும், மழைக்குப் பின் ஈர இலைகள் இன்னும் கொஞ்சம் குறைக்கும், உண்மைதான். அதற்காக மே மாதத்தில் நிழலை விட்டு வெயிலில் ஓட வேண்டாம். சில பத்து மீட்டர் வித்தியாசம் வந்தால் வரட்டும்.

நேரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. வானத்தின் மேலடுக்கில் உள்ள அயனி மண்டலம் சிக்னலைத் தாமதப்படுத்தும். இந்தத் தாமதம் மதியம் இரண்டு மணி வாக்கில் அதிகம், விடியற்காலையில் குறைவு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963-ல் திருவனந்தபுரம் பக்கத்தில் உள்ள தும்பாவிலிருந்து ராக்கெட் விட அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். இந்தப் பகுதியில் சூரியன் மறைந்த பின் சில மணி நேரம் அயனி மண்டலம் கொந்தளித்துச் சிக்னல் நடுங்குவது உண்டு. விடியற்காலையில் ஓடுபவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மாலை நடையில் கோடு கொஞ்சம் அதிகமாக ஆடினால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆட்டோ பாஸ் பற்றி

டிராஃபிக் சிக்னலில் நின்றால் தானாகப் பதிவை நிறுத்தும் வசதி பல ஆப்புகளில் இருக்கிறது. ஓடுபவர்களுக்கு நல்லதுதான். மெதுவாக நடப்பவர்களுக்கு இது சரிப்படாது, நடந்துகொண்டிருக்கும்போதே நின்றுவிட்டதாக நினைத்து நிறுத்திவிடும். நடப்பவர்கள் அணைத்துவிடலாம். அணைத்துவிட்டால், டீக்கடையிலோ தெரிந்தவரைப் பார்த்துப் பேசும்போதோ நீங்களே பாஸ் அழுத்த வேண்டும். நின்ற இடத்திலும் புள்ளி ஆடிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடப் பேச்சில் ஐம்பது, நூறு மீட்டர் கணக்கில் ஏறிவிடலாம்.

போனை அளந்து பாருங்கள்

உங்கள் போன் எவ்வளவு கூட்டுகிறது, எவ்வளவு குறைக்கிறது என்று தெரிய வேண்டுமானால் தூரம் உறுதியாகத் தெரிந்த இடம் வேண்டும். அதற்கு 400 மீட்டர் ஓட்டத் தடம் இருக்கும் மைதானத்தைத் தேடுங்கள். பல மாவட்டத் தலைநகர்களில் ஒன்று இருக்கும். முதல் தடத்தில், உள் விளிம்பிலிருந்து ஓர் அடி தள்ளி ஓடினால் ஒரு சுற்று 400 மீட்டர். தடம் மாறினால் கணக்கு மாறும். இரண்டாம் தடத்தில் சுமார் 407, எட்டாம் தடத்தில் சுமார் 453. முதல் தடத்தில் பத்துச் சுற்று போய்ப் பாருங்கள், 4 கிமீ வர வேண்டும். பயிற்சி எடுப்பவர்கள் வேகமாக வந்தால் முதல் தடத்தை விட்டுக்கொடுங்கள். கூட்டம் இல்லாத நேரமே நல்லது.

தடத்தில் தூரம் குறைவாக வந்தால் பயப்பட வேண்டாம். வளைவுகளைப் போன் கொஞ்சம் நறுக்கிவிடும். ஆப் நொடிக்கு ஒருமுறை புள்ளி வைத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. பேட்டரிக்காகப் பத்து நொடிக்கு ஒருமுறை வைத்தால், நொடிக்கு 3 மீட்டர் ஓடுபவருக்கு வளைவில் ஒவ்வொரு 30 மீட்டருக்கும் 80 சென்டிமீட்டர் போல விட்டுப்போகும். ஆப்பில் பதியும் இடைவெளி என்று ஏதாவது இருந்தால் மிகக் குறைந்ததை வையுங்கள். 'ஓப்பன்ட்ராக்ஸ்' போன்ற ஆப்புகளில் இதை நீங்களே மாற்றலாம்.

பத்துச் சுற்றுக்கு 3.92-லிருந்து 4.08 வரை வந்தால் உங்கள் போன் நன்றாகவே இருக்கிறது. அதாவது 2 சதவீதம். அதைத் தாண்டினால் மேலே சொன்ன படிகளை மறுபடி பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் கோடு ரம்பமாகவே வந்தால் ஆண்ட்ராய்டில் கடைசியாக ஒன்று முயலலாம். பேட்டரிக்காக ஜிபிஎஸ் சிப் விட்டு விட்டு வேலை செய்யும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'ஃபோர்ஸ் ஃபுல் ஜிஎன்எஸ்எஸ் மெஷர்மென்ட்ஸ்' என்பதை ஆன் செய்தால் விடாமல் வேலை செய்யும். பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். பேட்டரி சீக்கிரம் இறங்கும். தவிர, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்திருந்தால் சில வங்கி ஆப்புகள் வேலை செய்ய மறுக்கும். ஓட்டம் முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

எண்ணை எப்படிப் படிப்பது

ஓடும்போது திரையில் அந்த நொடியின் வேகத்தைப் பார்த்து ஓடாதீர்கள். சில மீட்டர் ஆட்டம்கூட அதில் பெரிதாகத் தெரியும், ஒரே சீராக ஓடினாலும் கிலோமீட்டருக்கு 6 நிமிடம், 8 நிமிடம், 6.30 என்று குதிக்கும். கடைசி ஒரு கிலோமீட்டரின் சராசரியைப் பாருங்கள், அது நம்பலாம். உயரக் கணக்கை இன்னும் குறைவாக நம்புங்கள். ஜிபிஎஸ்ஸில் உயரத்தின் பிழை, தரையில் இடம் காட்டும் பிழையைவிட அதிகம். சமதரையில் நடந்து 60 மீட்டர் ஏறியதாகக் காட்டினால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

முதல்முறை 10 கிமீ ஓட்டத்திலோ மாரத்தானிலோ கலந்துகொள்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. முறையாக அளக்கப்பட்ட பாதை, ஒருவர் ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில், திருப்பங்களில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, சக்கரத்தில் எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளால் அளக்கப்படுகிறது. பாதை குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடுதலாகவும் சேர்ப்பார்கள். நீங்களோ கூட்டத்தில் விலகி, தண்ணீர் மேஜைக்கு ஒதுங்கி ஓடுவீர்கள். அதோடு ஜிபிஎஸ் ஆட்டமும் தூரத்தைக் கூட்டும். அதனால் 42.195 கிமீ மாரத்தான் போனில் 42.6 என்று முடிவது சாதாரணம். ஏற்பாட்டாளர்கள் தப்பாக அளந்துவிட்டதாகச் சண்டைக்குப் போக வேண்டாம். போன் 10 கிமீ காட்டும் இடத்தில் முடிவுக்கோடு இருக்காது என்று எண்ணி, கடைசிச் சில நூறு மீட்டருக்குத் தெம்பை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுப் போன் வாங்கும் எண்ணம் இருந்தால்

இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ் உள்ளதா என்று பாருங்கள். வழக்கமான எல்1 அலைவரிசையோடு எல்5 என்ற இரண்டாவதையும் கேட்கும் போன்கள் 2018-லிருந்து வருகின்றன. ஷாவ்மி மி 8 முதலாவது, ஐபோனில் 2022-ல் 14 ப்ரோவிலிருந்து. நேரே வந்த சிக்னலையும் சுவரில் பட்டு வந்ததையும் பிரித்தறிய எல்5 நன்றாக உதவும். அயனி மண்டலத் தாமதத்தையும் இரண்டையும் ஒப்பிட்டுக் கழித்துவிடலாம். மாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஓடுபவர்களுக்கு இந்தப் பணம் வீணில்லை. மைதானத்திலும் கடற்கரையிலும் நடப்பவர்களுக்கு இதற்காக மட்டும் போன் மாற்றுவது தேவையில்லை. விளம்பரத்தில் இதை எழுதாத கம்பெனிகள் உண்டு. அந்த மாடல் வைத்திருக்கும் நண்பரிடம் ஜிபிஎஸ்டெஸ்ட்டைத் திறக்கச் சொல்லி, அலைவரிசைப் பத்தியில் எல்5 வருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஓடி முடித்த பிறகு

நிறுத்த மறந்து பைக்கில் வீட்டுக்கு வந்துவிட்டால் அந்தப் பகுதியை வெட்டும் வசதி ஸ்ட்ராவா போன்ற ஆப்புகளில் இருக்கிறது. வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் மிக வேகமான கிலோமீட்டர் என்று பைக் ஓட்டியதே பதிவில் நிற்கும். ஆப் தூங்கியதால் விட்டுப்போன பகுதியைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. தினமும் போகும் பாதை என்றால் தூரத்தைக் கையால் எழுதிக்கொள்ளலாம்.

கோடு துல்லியமாக வர ஆரம்பித்ததும் உடனே செய்ய வேண்டிய இன்னொரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டு வாசல் எது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்பதும் இப்போது துல்லியமாகத் தெரியும். ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய பாதைகள் பளிச்சென்று தெரிந்தது 2018-ல் பெரிய செய்தியானது. ஆப்பின் பிரைவசி செட்டிங்ஸில் தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் இடத்துக்குப் போய், வீட்டைச் சுற்றிச் சில நூறு மீட்டர் மறைத்துவிடுங்கள். தனியாக ஓடும் பெண்களும், பிள்ளைகளுக்கு ஆப் போட்டுக்கொடுக்கும் பெற்றோரும் முதல் நடையைப் பதிவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பதிவை யார் பார்க்கலாம் என்ற இடத்தில் 'எல்லோரும்' என்பதை எடுத்துவிட்டு, உங்களைத் தொடர்பவர்கள் மட்டும், அல்லது நீங்கள் மட்டும் என்று வையுங்கள்.